சோதனை எடை

காலை பத்தேகாலுக்கு முதல் படகு வரும். கால்வாயின் வளைவைத் தாண்டியதுமே ஒலிபெருக்கி கரகரக்க ஆரம்பித்துவிடும். வழிகாட்டிப் பெண் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். வலது பக்கம் பதினோரு வீடுகள், தோளோடு தோள் உரசி நிற்கின்றன, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. சுண்ணாம்புக் கொடிகளைப் பாருங்கள், இரும்புக் கிராதியில் இலை இலையாக அடித்திருக்கும் வேலைப்பாட்டைப் பாருங்கள், ஏழாவது வீட்டு மூன்றாம் மாடியில் விசிறி மாதிரி விரிந்திருக்கும் பச்சைக் கண்ணாடியைப் பாருங்கள். கூரை முகட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறதே ஓர் உத்தரம், அதில் தொங்கும் கப்பியில்தான் அந்தக் காலத்தில் சாமான் ஏற்றினார்கள். வீடுகள் முன்பக்கம் சாய்ந்திருப்பது வயதாகிப்போனதால் இல்லை, வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசியில் தவறாமல் ஒரு வரி: "இங்க குடியிருக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க."

அந்தப் பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் குடியிருக்கும் கொடுத்து வைத்தவர் அந்த நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். விடுமுறை நாளில் பதினொரு படகு. பதினொரு தடவையும் அதே வரி. ஒரு நாள் ஜன்னலைத் திறந்து பதில் சொல்லிவிடுவது என்றே இருந்தார். அந்த ஜன்னலோ மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு திறக்காது, வெயில் காலத்தில் சுருங்கிப்போய் மூடாது.

அவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் லிப்ட்காரர் என்பார்கள். லிப்ட் பழுதுபார்ப்பதில் முப்பத்தொரு வருஷம். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பத்து மாடி ஓட்டல் எல்லாவற்றிலும் அவர் கைபட்ட லிப்ட்தான் ஓடுகிறது. ஊரையே ஏற்றி இறக்குகிற மனுஷர் சாயங்காலம் வீடு திரும்பினால் ஐம்பத்திரண்டு படி ஏற வேண்டும். படி என்றால் காலைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால்தான் நிற்கும் படி. அகலம் ஓர் ஆளின் தோள் அளவு. அந்தக் காலத்தில் வீட்டின் அகலத்துக்கு வரி போட்டார்களாம், அதனால் எல்லாவற்றையும் ஒல்லியாகக் கட்டிவிட்டார்களாம். இதையும் ஒலிபெருக்கிதான் சொன்னது. வரி கட்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான், முட்டி வலி மட்டும் எனக்கா என்பார் லிப்ட்காரர்.

இந்த வீட்டைப் பிடித்தது அவர் இல்லை, அவர் மனைவி. கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது இங்கே ஏறி வந்தாள். நடு ஜன்னலுக்கு நேராக நின்றாள். பச்சை வெளிச்சம் தரையில் விசிறியாக விழுந்து கிடந்தது. இந்த ஜன்னல் போதும் என்று சொன்னவள்தான், அதற்கப்புறம் எந்தப் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடம் வந்தபோது அவர் தலைகீழாக நின்று பார்த்தார். அதில் ஓடுவது அவரே மாட்டிய லிப்ட். சத்தமே வராது, உள்ளே கண்ணாடிகூட இருக்கிறது என்றார். லிப்டுக்குள் போய் முகம் பார்த்துக்கொள்ள எனக்கென்ன வேண்டுதலா என்று கேட்டுவிட்டாள்.

போன வருஷம் மழையில் ஒரு நாள் காய்கறிப் பையோடு இறங்கி... இல்லை, ஏறி வரும்போதுதான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் வழுக்கி ஒன்பது படி உருண்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியின் அகலமான லிப்டில் இறங்கி வீட்டு வாசல்வரை சௌக்கியமாகத்தான் வந்தாள். அங்கிருந்து இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். அதே இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்ப மாட்டேன் என்றது. செங்குத்தாக நிமிர்த்தினார்கள். அவள் போட்ட அலறலில் கீழ்வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. கட்டிலில் கிடத்திய பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிரோட இருக்கிற வரைக்கும் இந்தப் படியில என்னை யாரும் தூக்கக் கூடாது" என்றாள். அவர் சரி என்று வாக்குக் கொடுத்தார். வேறென்ன சொல்வது?

மூன்று மாதத்தில் கைத்தடியோடு எழுந்து நடந்தாள். ஆனால் எங்கே நடக்க? கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு எட்டடி, ஜன்னலிலிருந்து அடுப்பங்கரைக்குப் பதினோரு அடி. டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். சமதரையில் தினம் அரை மணி நடக்க வேண்டும், வெயில் பட வேண்டும். இல்லாவிட்டால் கால் சூம்பிப்போகும், அப்புறம் நடையையே மறந்துவிட வேண்டியதுதான். படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தால் உட்கார்ந்து உட்கார்ந்து தானாகவே இறங்கலாம் என்றும் அவர்தான் சொன்னார்.

ஒரு பக்கம் இருக்கிறது. கடைந்தெடுத்த மரத்தூண்கள், திராட்சைக் குலை செதுக்கிய தலைப்பு, பார்க்கிறவர்கள் தடவிவிட்டுப் போவார்கள். தடவத்தான் முடியும், பிடிக்க முடியாது. கைப்பிடி உள்ளங்கையைவிட அகலம். சுவர்ப்பக்கம் இருந்த கைப்பிடியைக் கரையான் தின்றுவிட்டது. சுவரைப் பிடித்த பித்தளைத் தாங்கிகள்தான் மிச்சம். ஒரு நல்ல குழாயை வாங்கி வந்து மாட்டினால் அவருக்கு அது அரை மணி வேலை. டீ குடித்துக்கொண்டே செய்துவிடுவார்.

ஆனால் பதினோரு வீடும் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். வரிசையின் முதல் வீட்டில் அதன் கட்டடப் பாதுகாப்பு அலுவலகம். அங்கே முத்திரை வாங்காமல் ஓர் ஆணி அடிக்கக் கூடாது. இரண்டாம் வீட்டில் ஒருவர் முன்பக்கச் சுவரில் ஏசிப் பெட்டி வைத்தார். பெட்டியைக் கழற்றிய கையோடு அவரையும் குடும்பத்தோடு கழற்றிவிட்டார்கள். லிப்ட்காரர் ஒழுங்காக மனு எழுதினார். 'படிக்கட்டின் சுவர்ப்பக்கக் கைப்பிடியை மாற்ற அனுமதிக்க வேண்டுகிறேன்.'

மாற்ற. அந்த ஒரு சொல்லில்தான் அவர் தலையெழுத்தே மாட்டிக்கொண்டது.

அலுவலகத்தில் இரண்டு ஜன்னல். ஒன்றில் 'பழுது' என்றும் மற்றதில் 'மாற்றம்' என்றும் எழுதியிருக்கும். பழுது என்றால் மூன்றே நாளில் முத்திரை. மாற்றம் என்றால் குழு கூட வேண்டும், குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். இவர் மனுவைக் குமாஸ்தா மாற்றத்தில் பதிந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து விசாரிக்கப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது.

"மாத்தறதுன்னா உடைஞ்சதை எடுத்துட்டு வேற ஒண்ணு போடறது சார். பல்பு மாத்தற மாதிரி" என்றார் லிப்ட்காரர்.

குமாஸ்தா நல்ல மனுஷர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "வெளிவாசல் பல்புன்னா அதுவும் மாற்றம்தான் சார். சரிசெய்யணும்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அன்னைக்கே பழுதுல சேர்த்திருப்பேன். மாற்றம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

அப்படியானால் மனுவைத் திருப்பிக் கொடுங்கள், வேறு எழுதித் தருகிறேன் என்றார் இவர். பதிந்ததைத் திருப்ப முடியாது. புதிதாக ஒன்று? ஒரே இடத்துக்கு இரண்டு மனு செல்லாது. முதல் மனுவில் ஒரு சொல்லை மட்டும் திருத்தலாமா? திருத்தலாம், ஆனால் அது மனுவில் செய்யும் மாற்றம், அதையும் குழுதான் பார்க்க வேண்டும். லிப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் ஒரு சுற்றுலாக் கும்பல் அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டுக் கதவின் வளைவைப் படம் எடுத்தது.

குழுவின் முதல் கூட்டத்தில் போதுமான ஆள் வரவில்லை. இரண்டாவது கூட்டம் கைப்பிடியின் வரைபடம் கேட்டது. வரைந்து கொடுத்தார். மூன்றாவது கூட்டம் பழைய கைப்பிடி எந்த மரம் என்று கேட்டது. கரையானைத்தான் கேட்க வேண்டும் என்று எழுதி, அப்புறம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தெரியவில்லை என்று எழுதினார். இப்படியே ஒன்பது மாதம் ஓடியது. இதற்கிடையில் ஜன்னலுக்கு எட்டடி நடக்க அவள் இரண்டு தடவை நிற்க ஆரம்பித்திருந்தாள். இன்னும் இரண்டு மாதம், அதற்கு மேல் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வீட்டைத் திட்டினார், கட்டினவனைத் திட்டினார், குழுவைத் திட்டினார், வாய்க்கு வந்தபடி கண்ணாடியையும் திட்டினார். கடைசியில் அவளையும். "அன்னைக்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தா இந்த நிலைமை வருமா? ஜன்னலாம் ஜன்னல்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. மூலையில் நின்ற பீரோவைப் பார்த்தாள். குடிவந்த அன்று படியில் ஏற மறுத்து, கப்பியில் தொங்கி, இந்த ஜன்னல் வழியாக வந்த பீரோ. "இதுக்கு இருக்கிற கொடுப்பினை எனக்கு இல்லை. ராணி மாதிரி ஜன்னல் வழியா வந்துச்சு. வேணும்னா அதே மாதிரி இறங்கியும் போகும்" என்றாள்.

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவர் பீரோவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பீரோவைத் திறந்து குடியிருப்பு ஒப்பந்தத்தை எடுத்தார். முப்பது வருஷத்தில் அதை அவர் முழுதாகப் படித்ததே இல்லை. பதினேழாவது பிரிவில் இருந்தது: மேல்மாடியில் குடியிருப்பவர் உத்தரத்தையும் கப்பியையும் எப்போதும் இயங்கும் நிலையில் பழுதின்றி வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மனு எழுதினார். முதல் தாளில் 'கயிற்றை மாற்றி' என்று கை தானாக எழுதிவிட்டது. பாம்பைக் கண்டவர் போலப் பேனாவை வெடுக்கென்று விலக்கினார், தாளைக் கிழித்தார். 'கப்பியின் பழுது நீக்கி, கயிற்றைச் சரிசெய்து, எடை ஏற்றிச் சோதித்தல்.' மூன்று முறை படித்துப் பார்த்தார். மாற்றம் எங்கேயும் இல்லை.

பழுது ஜன்னலிலும் அதே குமாஸ்தாதான். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் மாற்றம், பின்னால் பழுது. மாற்றம் ஜன்னலில் கறாராக இருந்த முகம் இங்கே நாற்காலி மாறியதும் தெளிந்திருந்தது. படிவத்தில் சோதனை எடை என்று ஒரு கட்டம். லிப்ட்காரர் முதல் நாளே அவளைத் தராசில் நிற்க வைத்துப் பார்த்திருந்தார். ஐம்பத்தெட்டு கிலோ என்று எழுதினார்.

"என்ன பொருள்னு போடணும் சார்" என்றார் குமாஸ்தா.

"உடையற பொருள்னு போடுங்க."

குமாஸ்தா நிமிர்ந்து இவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் முத்திரை வந்துவிட்டது.

அவளைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வாக்கை மீறப் பார்க்கிறீர்களா என்றாள். படியில் தூக்கக் கூடாது என்றுதானே சொன்னாய், இதில் படியே இல்லையே என்றார். நான் என்ன பீரோவா என்றாள். பீரோவை ஒரு கயிற்றில் ஏற்றினோம், உன்னை இரண்டு கயிற்றில் இறக்குகிறேன் என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் சரிபார்த்த எந்த லிப்டும் யாரையும் கீழே போட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது, அதையும் வாய்விட்டே சொன்னாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் விடியற்காலையிலேயே வேலை ஆரம்பமானது. கூடவே இருபது வருஷம் வேலை பார்த்த கூட்டாளியை வரச் சொல்லியிருந்தார். கப்பியை இறக்கி எண்ணெய் போட்டார்கள். உத்தரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார்கள். பிரேக் வைத்த சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, காப்புக்குத் தனியாக ஒரு கயிறு கட்டினார்கள். முந்நூறு கிலோ மணல் மூட்டையை ஐந்து தடவை இறக்கி ஏற்றினார்கள். அப்புறம்தான் கைவைத்த நாற்காலியைக் கட்டி, வேலைக்குப் போடும் இடுப்புப் பட்டையை அவளுக்குப் பூட்டினார். பூட்டிய பிறகும் அதை நாலு தடவை இழுத்துப் பார்த்தார். மணல் மூட்டைக்கு ஒரு தடவைதான் பார்த்திருந்தார்.

நடு ஜன்னலை முழுதாகத் திறந்தார்கள். நாற்காலி ஒரு முறை ஊசலாடி, கட்டடத்துக்கு வெளியே நின்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக விட்டார். கீழே கூட்டாளி கயிற்றைப் பிடித்து நாற்காலி சுழலாமல் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் லிப்ட்காரர் அதைக் கவனித்தார். நாற்காலி எங்கேயும் இடிக்கவில்லை. இரண்டாம் மாடி ஜன்னல் திட்டு, சுண்ணாம்புக் கொடி, இரும்புக் கிராதி எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு சாண் விலகி, நூல் பிடித்த மாதிரி இறங்கியது. வீடு முன்பக்கம் சாய்ந்திருப்பது இதற்குத்தான். ஒலிபெருக்கி ஆயிரம் தடவை சொன்னபோது எரிச்சலோடு கேட்ட விஷயம் இப்போது கையில் தெரிந்தது. லிப்ட் குழி நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். எவனோ ஒரு மேஸ்திரி மூன்று மாடிச் சுவரை இவ்வளவு கச்சிதமாகச் சாய்த்துக் கட்டியிருக்கிறானே என்று முதல் முறையாக மலைத்தார். இத்தனை வருஷம் திட்டிய வாய்க்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததில் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாற்காலி முதல் மாடிக்கு வந்தபோது பத்தேகால் படகு வளைவைத் தாண்டியது. தோளோடு தோள் உரசி என்று ஆரம்பித்த ஒலிபெருக்கி பாதியில் நின்றது. படகில் இருந்தவர்கள் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அப்புறம் வழிகாட்டிப் பெண், மனப்பாடத்தில் இல்லாத குரலில், "கப்பி... இன்னைக்கும் வேலை செய்யுது" என்றாள். கொடுத்து வைத்தவர்கள் வரியை அன்று சொல்ல மறந்துவிட்டாள்.

கால் தரையில் பட்டதைக் கூட்டாளி கையாட்டிக் காட்டினார். லிப்ட்காரர் சங்கிலியைப் பூட்டிவிட்டு ஐம்பத்திரண்டு படியையும் ஓடி இறங்கினார். அவர் வெளியே வந்தபோது அவள் பட்டையை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள். தடியை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல், கால்வாய்க் கரையின் கம்பிவரை நடந்தாள். முப்பதடி இருக்கும். ஒரே ஒரு தடவைதான் நின்றாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் வெயில் பட்டது.

அவள் கம்பியில் சாய்ந்துகொண்டு திரும்பி வீட்டைப் பார்த்தாள். அவரும் பக்கத்தில் போய் நின்றார். நடு ஜன்னல் திறந்து கிடந்தது. அதன் தலைக்கு மேல் பச்சை விசிறி. அதற்கும் மேல் உத்தரம், உத்தரத்தின் நிழல் சுவரில் சாய்வாக. கீழே தண்ணீரில் எல்லாம் இன்னொரு தடவை தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது.

"நம்ம ஜன்னலா அது?"

"ஆமா. நடுவுல இருக்கிறது."

"உள்ளேருந்து பார்த்தா இவ்வளவு அழகுன்னு தெரியலை" என்றாள். வெகு நேரம் பார்த்தாள். கைக்குழந்தையை ஊருக்கு அனுப்புகிறவள் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "வீடு மாத்திடலாங்க."

முப்பது வருஷமாக அவர் கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோன சொல் அது. ஒன்பது மாதமாக அவரைத் தெருவில் அலையவிட்ட சொல்லும் அதுதான். சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. வேண்டாம், இன்னும் ஒரு கூட்டம் பார்ப்போம், தினம் நானே இறக்கி ஏற்றுகிறேன், இரண்டு கயிற்றுக்குப் பதில் நாலு கயிறு கட்டுகிறேன் என்று என்னென்னவோ நாக்கு நுனிவரை வந்தது.

"இன்னைக்கு மட்டும் பீரோ மாதிரி மேல ஏத்திடுங்க. நாளையிலேருந்து தரையோட ஒரு வீடு பாருங்க. உங்க லிப்டும் வேண்டாம்" என்றாள். பிறகு ஏதோ சந்தேகம் வந்தவளாக அவரைப் பார்த்தாள். "இதுக்கு யார்கிட்டயும் மனு குடுக்க வேண்டாம்ல?"

"வேண்டாம்" என்றார் லிப்ட்காரர்.